மேசைக்குக் கீழே இரண்டு சோடிக் கால்கள்

லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் குண்டு விழப்போகிறது என்று நான் நம்பினேன். போன இலையுதிர் காலத்தில், ஒரு வியாழக்கிழமை பின்னேரம், வானத்தில் ஒரு காகம்கூட இல்லாத நேரத்தில். நம்பியதோடு நிற்கவில்லை. பக்கத்து வீட்டு வாசல் பாதையில், குப்பைத் தொட்டிக்கும் ரோசாச் செடிக்கும் நடுவே குப்புறப் படுத்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். தமிழ்க்கடையில் வாங்கிய முருங்கைக்காய்க் கட்டு நெஞ்சுக்குக் கீழே நொறுங்கிற்று. வயது ஐம்பத்திரண்டு. பிரித்தானியப் பிரஜை. கடவுச்சீட்டும் உண்டு.

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். போகப் போக எனக்கே அது கஷ்டமாகிவிடும்.

பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்கார அம்மா இருந்தார். எண்பத்தெட்டு வயது. அந்த வீட்டிலேயே பிறந்து, அந்த வீட்டிலேயே கலியாணம் முடித்து, அந்த வீட்டிலேயே விதவையானவர். என் மகள் அவரை அன்ரி என்று கூப்பிடப் பழகியதால் நாங்களும் அன்ரி என்றோம். நான் பெற்றோல் நிலையத்தில் நிற்கிறேன், மனைவி ஆஸ்பத்திரி வார்ட்டில் வேலை. பள்ளிக்கூடம் விட்டதும் பத்து வயது மகள் அன்ரி வீட்டுக்குப் போவாள். வேலை முடிந்து வந்து நான் கூட்டிக்கொண்டு போவேன். கைமாறாக றோல்ஸ் பொரித்துக் கொடுப்போம். உறைப்புக் குறைத்துச் செய்தால் அன்ரிக்குக் கோபம் வரும்.

அவருக்கு ஒரு மகன் இருக்கிறார், வேறு ஊரில். நல்ல மனிதர், பயந்த மனிதர். கோடையில் அன்ரி தோட்டத்தில் அவரைக்காய்ப் பந்தலுக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டார். நான்தான் வேலிக்கு மேலால் ஏறிப் போய்த் தூக்கி நிறுத்தினேன். முழங்கையில் கன்றியிருந்த கண்டலைப் பார்த்து மகனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இன்னொரு தரம் விழுந்தால் முதியோர் இல்லம்தான் என்று சொல்லி, போய் ஓர் அறையும் பார்த்துவிட்டு வந்தார்.

அன்ரி பேசுவது இங்கிலீசு. என் மண்டைக்குள் அது தமிழாகத்தான் இறங்கும். அப்படியே தருகிறேன். அவர் என்னைக் கூப்பிடும் சொல்லுக்கு எங்கள் ஊரில் பிள்ளையைக் கூப்பிடும் ‘மோனை’ என்பதை விட்டால் வேறு சொல் இல்லை.

“மோனை, இனி விழுந்தா உன்னைத்தான் கூப்பிடுவன். ஆருக்கும் சொல்லாமல் தூக்கி நிப்பாட்டிப்போட்டு நீ உன்ர பாட்டில போ. என்ன?”

“ஓம் அன்ரி.”

ஓம் சொல்வதற்கு எனக்கு என்ன செலவு?

செப்டெம்பரில் மகளின் வகுப்பில் ஒரு பாடம் தொடங்கியது: உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்துப் பிள்ளைகள் வீட்டில் எப்படி இருந்தார்கள், என்ன விளையாடினார்கள். மற்றப் பிள்ளைகள் கொம்பியூட்டரில் தேட, என்னுடையவள் வேலிக்கு அந்தப் பக்கம் போய்க் கேட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் போர் தொடங்கிவிட்டது. வாழைப்பழம் கண்ணிலும் காணக் கிடைக்காத அந்தக் காலத்தில், ஏதோ ஒரு வெள்ளைக் கிழங்கை அவித்து மசித்து, இதுதான் வாழைப்பழம் என்று அன்ரியின் தாய் ஏமாற்றினாராம். மகள் எங்கள் குசினியில் இருந்த வாழைச்சீப்பைச் சந்தேகத்தோடு பார்த்தாள். ரோட்டில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு கீறி ஒற்றைக் காலில் கெந்தினாள். மரத்தடியில் பொறுக்கிய கொட்டைகளில் துளைபோட்டு நூல் கோத்து, என்னுடையதோடு மோதி என்னுடையதை உடைத்தாள். விடிய எழுந்து குண்டுச் சிதறல் பொறுக்குவார்களாம், பெரிய துண்டுக்கு இரண்டு சின்னத் துண்டு மாற்றாம்.

“நாங்களும்தான் பொறுக்கினனாங்கள்,” என்றேன். “வெடிச்சுப்போன துவக்குச் சன்னக்கோது. ஒரு போத்தல் நிறைய வைச்சிருந்தனான்.”

“ரியலி, அப்பா? வெயர் இஸ் இற்?”

“எங்கட அம்மா கிணத்துக்குள்ள கொட்டிப்போட்டா.”

எனக்கு முதல் அதிர்ச்சி மேசையால் வந்தது. அன்ரியின் பின்னறையில் மெழுகுசீலை விரித்த நீளமான மேசை ஒன்று உண்டு. வருடக்கணக்காய் அதில் தேத்தண்ணி குடித்திருக்கிறேன். ஒருநாள் அன்ரி சீலையை உருவினார். கீழே மரம் இல்லை, முழு இரும்பு. கால்களும் இரும்பு, மூலைக்கு மூலை பெரிய ஆணிகள். போர்க்காலத்தில் வீட்டுக்குள் வைக்க அரசாங்கம் கொடுத்த பாதுகாப்புக் கூடாம். பகலில் மேலே சாப்பாடு, இரவில் உள்ளே படுக்கை. நாலு பக்கமும் கொளுவுகிற கம்பிவலைகளும் உண்டு. போர் முடிந்த பிறகு அவருடைய தகப்பன் அவற்றைத் தோட்டத்தில் நட்டு அவரைக்காய்க் கொடி படரவிட்டார். கோடையில் அன்ரி பக்கத்தில் விழுந்து கிடந்தாரே, அந்தப் பந்தல்தான்.

ஊரில் எங்கள் வளவில் பங்கர் வெட்டி, மேலே தென்னங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டவன் நான். இங்கேயோ ஒரு பங்கருக்கு மேலே கோப்பை வைத்துத் தேத்தண்ணி குடித்திருக்கிறேன், பிஸ்கட் வேறு தொட்டுத் தின்றிருக்கிறேன். அன்றிரவு மனைவியிடம் சொன்னேன். “அப்ப நீங்கள் இனிப் பயப்பிடாமல் இருக்கலாம்,” என்றுவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

மகள் கேட்டாள் என்பதற்காக அன்ரி வலை ஒன்றைத் தோட்டத்திலிருந்து கொண்டுவரச் சொல்லிப் பின்பக்கத்தில் கொளுவினார். முன்பக்கம் திறந்தே கிடந்தது. மேசைக்கு முன்னால் நிலத்தில் இருவரும் போளையடிப்பார்கள். அன்ரி கதிரையில் இருந்து குனிந்து கண்ணாடிப் போளையைச் சுண்டுவார், மகள் ஓடிப் பொறுக்குவாள். அந்தப் போளைகள் அன்ரியின் சின்ன வயதுப் போளைகள், ஒரு தகரப்பேணி நிறைய.

இனி அந்த வியாழக்கிழமை.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அன்ரி வீட்டு மணியை நான் அடிப்பதில்லை. கதவில் கடிதம் போடும் துவாரத்தைத் திறந்து, வாயை வைத்து ஏதாவது சத்தம் போடுவேன். திங்கள் ஆடு, செவ்வாய் பேய். உள்ளே இருந்து மகள், “அப்பா, யூ ஆர் சோ எம்பரஸிங்” என்று கத்தினால், வந்த பலன் கிடைத்துவிட்டது.

அன்று பெற்றோல் நிலையத்தில் ஒருவருடைய பழைய மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டே வந்து, உறுமிக்கொண்டே நின்று, திடீரென்று செத்துப்போயிற்று. அந்தச் சத்தம் நாள் முழுக்க என் வாய்க்குள் கிடந்தது. துவாரத்தைத் திறந்தேன். தொண்டையின் அடியிலிருந்து உர்ர்ர் என்று இழுத்தேன். நீளமாக, நன்றாகவே வந்தது. மூச்சு முடிந்ததும் சட்டென்று நிறுத்தினேன்.

உள்ளே ‘தொம்’ என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றும் இல்லை. மகளின் குரலும் இல்லை.

கண்ணை வைத்துப் பார்த்தேன். நடைபாதையின் கடைசியில் பின்னறை. மேசைக்குக் கீழேயிருந்து இரண்டு சோடிக் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்று வெள்ளைக் காலுறை, மகளின் பள்ளிக்கூட மேசு. மற்றது அன்ரியின் வீட்டுச் செருப்பு. இரண்டு சோடியும் விரல் நுனி நிலத்தைப் பார்த்தபடி. அசைவில்லை.

என்னுடைய மூளை எப்படி வேலை செய்தது என்பதைக் கவனியுங்கள். வேறு எந்தத் தகப்பனும் ‘ஐயோ, விழுந்துவிட்டார்கள்’ என்று நினைத்திருப்பான். நான் நிபுணன் அல்லவா? மயங்கி விழுந்தவர் மல்லாந்தோ சரிந்தோ கிடப்பார். இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் குப்புறக் கிடந்தால் அவர்கள் விழவில்லை, படுத்திருக்கிறார்கள். படுத்திருந்தால் எனக்குக் கேட்காத ஒன்று அவர்களுக்குக் கேட்டிருக்கிறது. எங்கள் ஊரில் இந்த நேரத்தில் யாரும் என்ன, ஏது என்று விசாரிப்பதில்லை. முன்னால் போகிறவன் படுத்தால் பின்னால் வருகிறவனும் படுப்பான். விசாரணை பிறகு, உயிர் இருந்தால்.

ஒரு செருப்பு மட்டும் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. கண் அதைக் கண்டது. மூளை வாங்கவில்லை. உடம்பு ஏற்கெனவே படுத்துவிட்டது.

எதிர்வீட்டில் ஒரு மன்னார்க்காரர் இருக்கிறார். என்னைவிட இளையவர், மாதா கோயில் பாட்டுக் குழுவில் பாடுகிறவர். அவர் பூசைக்கோ பயிற்சிக்கோ போகும் கோலத்தில், இஸ்திரி போட்ட சேட்டோடு வந்தார்.

“என்ன அண்ணை, விழுந்திட்டியளோ?”

நான் தலையைத் தூக்காமல் உள்ளங்கையால் நிலத்தைத் தட்டிக் காட்டினேன்: படு. அந்த மனிதர் ஒரு கேள்வி கேட்கவில்லை. இஸ்திரி போட்ட சேட்டோடு எனக்குப் பக்கத்தில் தொபுக்கென்று விழுந்தார். அதன் பிறகுதான் மெல்லக் கேட்டார்.

“எங்கால வருது?”

“தெரியேல்ல.”

“பொம்மரோ, ஷெல்லோ?”

“உள்ள படுத்திருக்கினம். நான் கண்டனான்.”

“அப்ப சரி,” என்று அவரும் காதைப் பொத்தினார்.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தோம் என்று எனக்குத் தெரியாது. எறும்பு ஒன்று என் மூக்கைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது. பிறகு ஒரு சோடி சப்பாத்து வந்து நின்றது. பார்சல் கொண்டுவந்த பெண்பிள்ளை. எங்கள் இருவரையும் பார்த்தாள், சிரிக்கவில்லை, பயப்படவுமில்லை. லண்டனில் பார்சல் கொடுக்கிறவர்கள் எதையும் பார்த்திருப்பார்கள். எங்களைத் தாண்டிக் காலை வைத்து, மணியை அடித்து, பெட்டியை வாசலில் வைத்து, கதவையும் எங்களையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்தப் படம் இன்றைக்கும் எங்கேயோ ஒரு கணக்கில் ஆதாரமாகக் கிடக்கும்.

மணிச் சத்தத்துக்குக் கதவு திறந்தது. மகள் நின்றாள். நெற்றியில் ஒரு வீக்கம்.

“அப்பா, வை ஆர் யூ லையிங் டவுன்? அன்ரி உங்களைத்தான் பாத்துக்கொண்டு கிடக்கிறா. அப்பா வந்து தூக்குவார், அதுமட்டும் ஒருத்தரையும் கூப்பிடாதை எண்டு சொன்னவ.”

எழும்பினேன்.

“என்ன நடந்தது?”

“போளை விளையாடினம். ஒரு சத்தம் கேட்டுது. மோட்டர்பைக் மாதிரி. பிறகு நிண்டுது. அன்ரி கதிரையால பாஞ்சு என்னைப் பிடிச்சு மேசைக்குக் கீழ தள்ளினவ. பிறகு எனக்கு மேல விழுந்திட்டா. ஷீ கான்ற் கெற் அப்.”

மன்னார்க்காரர் என்னைப் பார்த்தார். நான் ரோசாச் செடியைப் பார்த்தேன்.

பின்னறையில் அன்ரி மேசைக்குக் கீழே ஒருக்களித்துக் கிடந்தார். இதற்குள் மகள் அவரை எப்படியோ புரட்டி, தலைக்குத் தன் பள்ளிக்கூடப் பையை வைத்திருந்தாள். முகம் சாம்பல் நிறம். என்னைக் கண்டதும் அந்த முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“வந்திட்டியே மோனை. சரி, தூக்கு. பின்னேரம் மகன் போன் எடுப்பான். அதுக்கு முதல் கதிரையில இருந்திட வேணும்.”

மன்னார்க்காரர் கால்பக்கம் போனார், நான் தோள்பக்கம் குனிந்தேன். கொஞ்சம் அசைக்கவே அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. மனிதர் போடும் சத்தம் மாதிரி இல்லை. விட்டுவிட்டோம். மனைவிக்குப் போன் அடித்தேன்.

“இஞ்சாருங்கோ, தொடாதேங்கோ,” என்றாள். அவளுடைய வார்ட்டுக் குரல். “ரெண்டு காலும் ஒரே நீளமோ பாருங்கோ.”

“ஒண்டு கட்டை.”

“பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கோ?”

வெளியே இருந்து முதலில் கண்ட அந்தச் செருப்பு. “ஓம்.”

“அப்ப அம்புலன்சுக்கு அடியுங்கோ. ஏன் இன்னும் என்னோட கதைச்சுக்கொண்டு நிக்கிறியள்?”

அன்ரிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, எல்லாம் விளங்கிவிட்டது. “நீ ஓம் எண்டு சொன்னனி,” என்றார்.

“ஓம் அன்ரி. சொன்னனான்.”

அவர் பார்த்துக்கொண்டிருக்கவே அம்புலன்சுக்குப் போன் அடித்தேன். முகத்தை வலைப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அம்புலன்ஸ் வரச் சுணங்கும் என்றார்கள். நிலம் குளிர். மன்னார்க்காரர் தன் வீட்டிலிருந்து போர்வை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ரோட்டில் வழிகாட்ட நின்றார். நான் போர்வையோடு மேசைக்குக் கீழே ஊர்ந்தேன். மகள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் அன்ரி. கூட்டுக்குள் மூன்று பேர். சுற்றிவர நிலத்தில் போளைகள். அவற்றில் ஒன்று என்னைப் பார்த்தது.

கதைக்காகச் சொல்லவில்லை. நீல நிறக் கருமணி, வெள்ளைவிழி, மெல்லிய சிவப்பு நரம்புகள். பார்த்தது. நான் அலறி நிமிர்ந்ததில் மண்டை இரும்பில் அடித்து வீடு முழுக்க மணிபோல் கேட்டது. அந்த வேதனையிலும் அன்ரிக்குச் சிரிப்பு வந்தது.

“பயப்பிடாதை. அது என்ர அண்ணன்ர கண்.”

மகள் அதை எடுத்துத் தன் பாவாடையில் துடைத்தாள். “ஐ வொன் இற், அப்பா. செவ்வாய்க்கிழமை.”

அன்ரி வலைக்குச் சொல்வதுபோலச் சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல். அவருக்கு ஏழு வயது, தமையனுக்கு ஒன்பது. போரின் கடைசிப் பக்கத்தில், ஆள் இல்லாமல் தானாகப் பறந்து வரும் குண்டுகளை லண்டனுக்கு அனுப்பினார்களாம். மோட்டார் சைக்கிள் மாதிரி உறுமிக்கொண்டு வரும். உறுமும்வரைக்கும் பயமில்லை. உறுமல் நின்றால் தலைக்கு மேலே விழப்போகிறது. பிள்ளைகள் அதையும் விளையாட்டாக்கிவிட்டார்கள். ஒருவர் உறுமுவார், மற்றவர்கள் நடந்து திரிய வேண்டும். உறுமல் நின்றதும் படுக்க வேண்டும். கடைசியாகப் படுத்தவர் செத்தவர்.

“ஒருநாள் அவனுக்கு அலுத்துப்போச்சு. நான் இனி விளையாடேல்ல எண்டு சொல்லிப்போட்டு உந்த யன்னலடியில நிண்டவன். உண்மையான உறுமல் வந்து நிண்டுது. நான்தான் அவனுக்குப் பின்னால நிண்டு உறுமினனான் எண்டு நினைச்சான். நான் இதுக்குள்ள பாஞ்சிட்டன். அவன் என்னைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு நிண்டவன். பக்கத்துத் தெருவிலதான் விழுந்தது. யன்னல் கண்ணாடி முழுக்க உள்ளுக்க வந்தது.”

“செத்திட்டாரோ?”

“ஆர், அவனோ? எழுபது வயசுமட்டும் இருந்தவன். ஒரு கண் போச்சு. பொய்க்கண் போட்டவை. வளர வளரப் புதுக்கண். பழசைக் கொண்டுவந்து போளை வட்டத்துக்குள்ள வைப்பான், மற்றப் பெடியள் ஓட. விருந்தாளியளின்ர தேத்தண்ணிக்குள்ளயும் போட்டிருக்கிறான். உன்னை மாதிரித்தான், ஒரு விசரன்.”

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

“கைக்கெட்டின தூரத்திலதான் நிண்டவன் மோனை. நான் பிடிச்சுத் தள்ளியிருக்கலாம். தள்ளேல்ல.”

மகள் தன் நெற்றி வீக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் என் தொண்டையைத் தொட்டுப் பார்த்தேன். நாற்பது வருடமாக யாரையாவது பயமுறுத்திச் சிரித்துப் பிழைத்த தொண்டை.

“இண்டைக்கு அந்த மோட்டார் சைக்கிள் எங்க நிண்டது?” என்று அன்ரி கேட்டார். “சரியாக் கதவடியில கேட்டுது.”

“அது என்ர வாய் அன்ரி.”

“என்னது?”

“நான்தான். கடிதத் துவாரத்துக்குள்ளால. பகிடிக்கு.”

மகள், “அப்பா,” என்றாள். அன்ரி கண்ணை மூடிக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“உறுமினது அவ்வளவு சரியில்லை,” என்றார் கடைசியில். “நிப்பாட்டினதுதான் அச்சொட்டா இருந்தது.”

இருட்டுப்படும் நேரத்தில் அம்புலன்ஸ்காரர்கள் வந்தார்கள். ஒரு பெண், ஒரு ஆண். அன்ரிக்கு வலிக்கு மருந்து கொடுத்து, கால்களைக் கட்டி, பின்பக்க வலையைக் கழற்றி, அந்த வழியாக வெளியே எடுத்தார்கள். எப்படி விழுந்தவர் என்று பெண் கேட்டாள். மேசைக்குக் கீழே பாய்ந்தார் என்றேன். எண்பத்தெட்டு வயதில் ஏன் பாய்ந்தார் என்று கேட்டாள். சொன்னேன். திரும்பவும் சொல்லச் சொன்னாள். திரும்பவும் சொன்னேன். அவள் எழுதவில்லை. என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, “தானாக விழுந்தார்” என்று வாய்க்குள் சொல்லியபடி பெட்டியை மூடினாள்.

மகனுக்கு நான்தான் போன் எடுத்தேன். அவருக்கும் முழுதாகச் சொன்னேன். பிறகு, “அம்மா பிள்ளையைத் தள்ளினாவோ?” என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன்.

அன்று வானத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. அன்ரியின் இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. சத்திரசிகிச்சை செய்தார்கள், பிழைத்துக்கொண்டார், ஆனால் அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. இப்போது பக்கத்து ஊரான ஸ்ட்ரெதத்தில் ஒரு முதியோர் இல்லத்தில், மகன் முன்பே பார்த்து வைத்த அறையில் இருக்கிறார். வசந்தத்தில் வீடு விற்கப்பட்டது. மேசை வாசலால் போகாததால் சாமான் எடுக்க வந்தவர்கள் மூலை ஆணிகளைக் கழற்றித் துண்டு துண்டாகக் கொண்டுபோனார்கள். என் மகளின் நெற்றி வீக்கம் ஒரு கிழமையில் வற்றிவிட்டது.